அந்தோணியம்மாளின் பங்கு

கொலோன், ஜெர்மனி
12-1-1975

அன்புள்ள அப்பாவுக்கு,

மெட்டில்டா எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததுமே மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது. அம்மாவின் கையெழுத்து இல்லை. நான் நர்சு வேலைக்கு இங்கே வந்ததிலிருந்து நீங்கள் சொல்லச் சொல்ல அம்மாதானே எழுதுவாள். இனி ஹென்றி அண்ணாச்சிதான் எழுதுவார், படித்துக் காட்டுவார் என்றால், அம்மாவின் கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை என்றுதானே அர்த்தம். கண்புரை இரண்டு கண்ணிலும் இருக்கிறது, இடது கண் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்.

பதற வேண்டாம். நம் தெரு ரோச் வேலை பார்க்கும் கப்பல் ஹாம்பர்க்கில் நின்றது. அவர் கையில் ஒரு குப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வைட்டமின் ஈ குளிகைகள். இங்கே இப்போது எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள். எங்கள் வார்டு டாக்டரம்மாவே விழுங்குகிறார். இரும்பு உப்புக்காற்றில் துருப்பிடிப்பதுபோல, நம் உடம்புக்குள்ளும் பிராணவாயு பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறதாம். கண்ணாடி போல இருக்கிற விழி வெளுத்துப்போவதும் அப்படித்தான் என்கிறார்கள். அதைத் தடுக்கிற சத்துகள் சில உண்டு. அம்மாவுக்குச் சொல்லுங்கள், வாழைப்பூவை நறுக்கினால் கறுத்துவிடும், மோரில் போட்டால் கறுக்காது இல்லையா, அந்த மோர் செய்கிற வேலைதான் இது.

தினமும் காலையில் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. கண் முகாமில் கூட்டத்தோடு கூட்டமாகப் படுக்கவைத்துக் கத்தி வைப்பதற்கு அவசரப்பட வேண்டாம். குப்பி முடியட்டும். பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

உங்கள் மகள்
மெட்டில்டா

*

பனிமய மாதா காவல்

தூத்துக்குடி
20-3-1975

அன்பு மகள் மெட்டில்டாவுக்கு அப்பா இஞ்ஞாசி சொல்ல, ஹென்றி எழுதுகிறது.

ரோச் வந்து சேர்ந்தான். குப்பியும் உடையாமல் வந்து சேர்ந்தது. முற்றத்தில் வைத்துத்தான் திறந்தோம். வள்ளத்து ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர்களில் நம் சிலுவை, குளிகை ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏலே இஞ்ஞாசி, இது என்னலே மீன்சினை மாதிரி இருக்கு, குழம்பு வைக்கவா?” என்று கேட்டான். நான் பறித்து வாங்கிக்கொண்டேன். நீ எழுதியதை ஹென்றி சத்தமாய்ப் படித்தார். வாழைப்பூ விஷயத்தைக் கேட்டுவிட்டு உன் அம்மா, “அப்போ என்னைய மோருக்குள்ள போடச் சொல்லுதாளா?” என்றாள்.

துருவைப் பற்றி நீ எழுதியது எனக்கு நன்றாய் விளங்கியது. முத்துக் குளிக்கிற சலாபக் காலத்தில் கல்லைக் கட்டி இறங்குவோமே, அந்தக் கல்லுக்கு மேலே ஒரு இரும்பு வளையம் இருக்கும். சலாபம் முடிந்து கரையில் போட்டால் அடுத்த சலாபத்துக்குள் அதைத் துரு தின்றுவிடும். தண்ணீருக்குள் இருந்ததைவிடக் கரையில் காற்றில் கிடந்ததுதான் சீக்கிரம் போகும். இதை என் அப்பாவிடம் கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. இப்போது நீ சொல்லிவிட்டாய்.

கண் முகாம் பாஸ்குத் திருநாள் முடிந்த வாரம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் பந்தல் போடுகிறார்கள். பெயர் எழுத வந்த பையனிடம், மகள் சீமையில் நர்சாய் இருக்கிறாள், பொறுக்கச் சொல்லியிருக்கிறாள், அடுத்த முகாமில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் அம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள்.

சிலுவைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை என்கிறான்.

அப்பா

*

கொலோன்
8-4-1975

அன்புள்ள அப்பாவுக்கு,

பெயர் கொடுக்காதது நல்லதாய்ப் போயிற்று. குப்பி பாதியாவது ஆகியிருக்கும் இந்நேரம். பார்வையில் ஏதாவது தெளிவு தெரிகிறதா? விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாளே, அது குறைந்திருக்கிறதா? கேட்டு எழுதுங்கள்.

குளிகையோடு சாப்பாடும் முக்கியம். முருங்கைக்கீரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யச் சொல்லுங்கள். நெல்லிக்காய், பப்பாளி, முட்டை. இதில் எல்லாம் இதே வேலை செய்கிற சத்துகள் இருக்கின்றன. நம் ஊரில் வேலியில் முளைப்பதை இங்கே குப்பியில் அடைத்து விற்கிறார்கள் என்று என்னோடு வேலை செய்கிற மலையாளத்துப் பெண் சிரிக்கிறாள். ஆனால் கீரையில் இருப்பது கொஞ்சம்தான், குப்பியில் இருப்பது நிறைய. முற்றிப்போன கண்ணுக்கு நிறைய வேண்டும்.

அடுத்த குப்பியும் வாங்கி வைத்திருக்கிறேன். ரோச் திரும்ப வரும்போது தருகிறேன்.

ஒன்று புரியவில்லை. சிலுவை மாமாவின் முழங்காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மெட்டில்டா

*

பனிமய மாதா காவல்

தூத்துக்குடி
2-5-1975

அன்பு மகளுக்கு,

சம்பந்தம் என்ன என்று கேட்டிருக்கிறாய். நீ இந்தக் கடற்கரையில் பிறந்தவள்தானே என்று ஹென்றி என்னைக் கேட்கிறார். கேள்வியை உனக்கே திருப்பி அனுப்புகிறேன்.

கடல் வழியாய் வந்தது எதுவும் முற்றத்தில் வைத்துத் திறந்தால் பங்கு வைக்காமல் உள்ளே போகாது. அன்றைக்கு வள்ளத்து ஆட்கள் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பியை மடியில் கட்டிக்கொண்டு நான் உள்ளே போயிருந்தால் மறுநாள் யார் முகத்தில் முழிப்பேன்? ஓலைப்பாயில் கொட்டி, மீன் பிரிக்கிறது போலத்தான் பிரித்தோம். ஆளுக்கு ஒரு பங்கு. கொண்டுவந்தவன் என்று ரோச்சுக்கு ஒன்றரை. கோயிலுக்கு ஒரு பங்கு எடுத்துக் கொடுத்தேன். சாமியார் வாங்கிப் பார்த்து, மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். கோயில்பிள்ளைக்குத்தான் கைநடுக்கம். வள்ளத்துக்கு ஒரு பங்கு. உன் அம்மாவுக்கு ஒரு பங்கு, நோயாளி என்று எல்லாரும் சேர்ந்து இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. என் பங்கை நான் தொடவில்லை, அதையும் அவளுக்கே கொடுத்தேன்.

வள்ளம் எப்படி விழுங்கும் என்று நீ கேட்பாய். அதன் பங்கை ஊசியால் குத்தி, எண்ணெயைச் சுக்கானை மாட்டுகிற ஆணியில் தடவினேன். ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் சும்மா விட்டேன். தடவிய பக்கம் இன்றுவரை துருவில்லை, மறுபக்கம் செம்பொடியாய் உதிர்கிறது. நான் வந்து உன் அம்மாவிடம் பெருமையாய்ச் சொன்னால், “விளக்கெண்ணெய் தடவினாலும் துரு பிடிக்காதுதான்” என்கிறாள். சிலுவைக்கு முழங்கால், கோயில்பிள்ளைக்குக் கைநடுக்கம் எல்லாம் குறைந்திருக்கிறது. ரோச், தலைமுடி உதிர்வது நின்றுவிட்டது என்கிறான். அவனுக்கு உதிர இனி முடி கிடையாது.

உன் அம்மாவுக்குத் தெளிவு ஒன்றும் இல்லை. விளக்கு வளையம் அப்படியே இருக்கிறது. அவள் பங்கு முடிந்து போனது. கீரை தின்கிறாள். நன்றாய்த் தூங்குகிறாள்.

அப்பா

*

கொலோன்
17-5-1975

அப்பாவுக்கு,

ஹென்றி அண்ணாச்சி, இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். ஒரு சொல்லையும் மென்மையாக்க வேண்டாம்.

நான் அனுப்பியது மருந்து. மீன் இல்லை. அம்மாவின் கண்ணைத்தான் நீங்கள் ஓலைப்பாயில் கொட்டிப் பங்கு போட்டீர்கள். சுக்கான் ஆணிக்கு ஒரு பங்கு. ஊரில் உள்ள முழங்கால், மயிர், கைநடுக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு. அவளுக்கு வேண்டியது குப்பி முழுவதும். அதை நம்பித்தான் முகாமுக்குப் பொறுங்கள் என்று எழுதினேன். அவள் கொஞ்ச நாள்தான் விழுங்கினாள் என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருப்பேனா?

போன வருஷம் நான் அனுப்பிய கம்பளிச் சட்டை என்ன ஆனது? நாலு வீட்டுக் கிழவர்கள் முறை வைத்துப் போட்டுக்கொண்டார்கள், தூத்துக்குடி வெயிலில். அப்போது சிரித்தேன். இப்போது முடியவில்லை.

இரண்டாவது குப்பி ரோச்சின் கப்பலில் வருகிறது. முற்றத்தில் திறக்காதீர்கள். அம்மா ஒருத்திக்குத்தான். உங்களுக்கு ஊர் பெரிதா, அம்மா பெரிதா?

மெட்டில்டா

*

பனிமய மாதா காவல்

தூத்துக்குடி
14-8-1975

மகளுக்கு,

மாதா திருவிழா நல்லபடியாய் முடிந்தது. சப்பரம் நம் தெரு முனை வரும்போது உன் அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றாள். சப்பரம் தாண்டிப்போன பிறகும் நின்றாள். நான் கையைப் பிடித்துத் திருப்பினேன். பந்தல் விளக்கைச் சப்பரம் என்று நினைத்திருக்கிறாள்.

குப்பி வந்தது. வீட்டுக்குள் வைத்துத் திறந்தேன். கதவைச் சாத்தினேன். அறுபது வருஷத்தில் இந்த வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பொருளை நான் திறந்தது இதுதான் முதல் தடவை. தினமும் காலையில் என் கையாலேயே கொடுக்கிறேன், விழுங்கிவிட்டாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். “என்னைய என்ன களவாணின்னு நினைச்சீங்களா?” என்கிறாள்.

சிலுவை கேட்டு வந்தான். இல்லை என்றேன். “பரவால்லலே, உன் பெண்டாட்டி கண்ணு பெருசா என் முட்டி பெருசா” என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு கரையில் நான் உட்காருகிற இடத்துக்கு அவன் வருவதில்லை. சலாபத்தில் நான் கீழே இருக்கும்போது மேலே என் கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன். நான் ஒரு தடவை அசைத்தால் தூக்குவான். அசைக்க முடியாமல் போன ஒரு தடவையும் தூக்கினான்.

நீ சொன்னபடி செய்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

தெளிவு இதுவரை இல்லை.

அப்பா

*

பனிமய மாதா காவல்

தூத்துக்குடி
21-11-1975

அன்பு மகள் மெட்டில்டாவுக்கு,

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஹென்றி எழுதுகிறார்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் உன் அம்மாவுக்கு இடது பக்கம் தலைவலி வந்தது. மழைக்கால வலி என்று பத்துப் போட்டோம். சாயங்காலம் வாந்தி எடுத்தாள். கண் கோவைப்பழமாய்ச் சிவந்து கல்லைப் போல ஆகிவிட்டது. அவள் சத்தம் போடுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். அன்றைக்குப் போட்டாள். சிலுவைதான் கேட்டு ஓடிவந்தான். வண்டி பிடித்து அவனும் நானும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். புரை அளவுக்கு மீறி முற்றி உள்ளேயே வீங்கி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பைக் கொன்றுவிட்டது என்றார். வலியை அடக்கிவிட்டார்கள். பார்வை திரும்பாது. விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தும் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. பாஸ்கு முகாமிலேயே எடுத்திருந்தால் இது வந்திருக்காது, ஏன் பொறுத்தீர்கள் என்று கேட்டார். குப்பியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கெடுதல் இல்லை, தாத்தா” என்று கையில் கொடுத்துவிட்டார்.

ஊரில் எல்லாரும் கேட்கிறார்கள். மகள் அனுப்பிய மருந்தை நான் பங்கு வைத்துவிட்டேன், அதனால் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். அதுதான் சரி. நீ அனுப்பியது முழுவதும் அவள் வயிற்றுக்குப் போயிருந்தால் கண் தெளிந்திருக்கும். ஓலைப்பாயை விரித்தவன் நான். நீயும் அப்படியே மனசில் வைத்துக்கொள். தூரத்தில் தனியாய் இருக்கிற பிள்ளை, வேறெதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வேலையைப் பார்.

அப்பா

*

கொலோன்
9-12-1975

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். நாலைந்து நாள் அப்படிப் போனது. பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் இருக்கும் பெரிய டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கினேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். ஒரு மாடி ஏறினால் அவர் அறை. ஆனால் நான் பத்திரிகையில் படித்ததையும் வார்டில் பேசிக்கொண்டதையும் வைத்து உங்களுக்கு எழுதினேன்.

நீங்கள் பங்கு வைத்ததையும் சொல்லித்தான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெளுத்துப்போன விழியை எந்தக் குளிகையும் திரும்பத் தெளிய வைக்காது. அவித்த முட்டையின் வெள்ளை மறுபடி நீராகாதது போல. குப்பி முழுவதும் விழுங்கினாலும் அதேதான், ஒன்றுகூட விழுங்காவிட்டாலும் அதேதான். புரை வராமல் இந்தச் சத்துகள் தள்ளிப்போடுமா என்றால், அதுவும் இன்னும் யாருக்கும் நிச்சயமில்லை. கீரையும் பழமும் தின்பது எல்லாருக்கும் நல்லது, அதற்கு மேல் என்னிடம் வாக்குக் கேட்காதே என்றார். முற்றியதை எடுப்பதுதான் மருந்து, உன் ஊர் முகாம் டாக்டர்கள் ஒரே நாளில் செய்கிற அளவுக்கு நான் ஒரு மாதத்தில் செய்வதில்லை என்றும் சொன்னார்.

ஆகவே அப்பா, ஓலைப்பாய்க்கும் அம்மாவின் கண்ணுக்கும் சம்பந்தமில்லை. பொறுங்கள் என்று நான் எழுதிய ஒரு வரிக்குத்தான் சம்பந்தம். நீங்கள் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தாருங்கள். அது என்னுடையது. ஊரில் கேட்பவர்களிடமும் இதையே சொல்லுங்கள்.

மே மாதம் நான் எழுதிய கடிதத்தில் கடைசியாகக் கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. சிலுவை மாமாவிடம் சொல்லுங்கள்.

வலது கண்ணுக்குப் பொறுக்க வேண்டாம். பொங்கல் கழிந்து முகாம் வந்தால் முதல் பெயராகக் கொடுங்கள்.

மெட்டில்டா

*

பனிமய மாதா காவல்

தூத்துக்குடி
6-4-1976

அன்பு மகள் மெட்டில்டாவுக்கு அப்பா சொல்ல, அம்மா எழுதுகிறது.

கையெழுத்தைப் பார்த்திருப்பாய். வரி மேலே ஏறுகிறது என்று உன் அம்மா சலித்துக்கொள்கிறாள். ஏறினால் ஏறட்டும், எழுது என்கிறேன்.

பொங்கல் கழிந்த முகாமில் வலது கண்ணைச் செய்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்க வைத்தார்கள். பக்கத்துப் பாயில் உடன்குடிக் கருப்பட்டிக் கடைக்காரர் ஒருவர். உன் அம்மாவும் அவரும் ஆளை ஆள் பார்க்காமலே ஒரு வாரம் கருப்பட்டியில் கலப்படம் எப்படி நடக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அவரைப் பார்த்துவிட்டு, “இம்புட்டு ஒல்லியாவா இருக்கீக, குரலைக் கேட்டு மலை மாதிரி நினைச்சேன் அண்ணாச்சி” என்றாள். (நான் அப்படிச் சொல்லவில்லை. தான் ஒல்லி என்று அந்தக் கடைக்காரரே சொன்னார். அம்மா.)

போன வாரம்தான் கண்ணாடி வந்தது. சோடாப்புட்டி அடிபோல இருக்கிறது. அதைப் போட்டால் எல்லாம் பெரிதாய், பக்கத்தில் வந்து தெரிகிறதாம். காப்பியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறாள். கதவு நிலை வளைந்து தெரிகிறது என்கிறாள். (இப்போது பழகிவிட்டது. இவர்தான் இன்னும் எனக்கு ஊற்றித் தருகிறார். அம்மா.)

நீ டிசம்பரில் எழுதியதற்கு நான் பதில் எழுதவில்லை. ஹென்றி படித்தபோது உன் அம்மாவும் கூட இருந்தாள். நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கேட்டிருக்கிறாய். யோசித்துப் பார்த்தேன். பெரிய டாக்டர் சொன்னது சரியாய் இருக்கும். ஆனாலும் பெயர் எழுத வந்த பையனைத் திருப்பி அனுப்பியது என் வாய். அதனால் முழுவதும் தர முடியாது. சலாபத்தில் சிப்பியைக் குவித்து மூன்றாய்ப் பிரிப்பார்கள். எந்த இரண்டு தனக்கு என்று சர்க்கார் சொல்லும், மிச்சம் ஒன்று முத்துக் குளிக்கிற குளியாளுக்கு. இதில் நான் சர்க்கார். இரண்டு எனக்கு, ஒன்று உனக்கு. இதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

சிலுவை மறுபடி கரையில் பக்கத்தில் உட்காருகிறான். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். “அந்தப் பிள்ளைய கம்பளிச் சட்டை ஒண்ணு அனுப்பச் சொல்லுலே, எல்லாம் தீர்ந்துபோகும்” என்றான்.

அப்பா

இதுவரை உன் அப்பா சொன்னது. அவர் கரைக்குப் போய்விட்டார். இனி நான்.

மகளே, கண்ணாடி வந்ததும் நான் முதலில் செய்தது, உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்ததுதான். ஹென்றி அண்ணாச்சி நேர்மையான மனுசர், ஒரு சொல்லையும் விடாமல்தான் படித்திருக்கிறார். எல்லாம் அப்போதே காதில் கேட்டதுதான். ஆனால் கண்ணால் படிக்கும்போது வேறொன்று தெரிந்தது. ஒரு வருஷமாய் நீயும் உன் அப்பாவும் என் கண்ணைப் பற்றி இத்தனை கடிதம் எழுதியிருக்கிறீர்கள். முகாமுக்குப் போகிறாயா என்று அதில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் போகிறேன் என்றிருப்பேன். கத்திக்கு நான் பயப்படுகிற ஆள் இல்லை. உன்னையும் கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். பெயர் எழுத அந்தப் பையன் வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். எல்லாம் கேட்டது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பழியைப் பிரிக்கும்போது இதை விட்டுவிட்டீர்கள். சர்க்காரும் வேண்டாம், குளியாளும் வேண்டாம். என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன்.

குப்பியில் மீதி இருந்ததைச் சிலுவை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அதில் ஒன்றும் இல்லை என்று மெட்டில்டா எழுதியிருக்கிறாள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். “தெரியும்மா, ஆனா முட்டிக்குத் தெரியாதே” என்று வாங்கிக்கொண்டார். முருங்கை பூத்திருக்கிறது. கீரையை நானே ஆய்கிறேன், புழு இருந்தால் தெரிகிறது.

அடுத்த கடிதத்தின் உறையில் என் பெயரை எழுது. நான் படித்து உன் அப்பாவுக்குச் சொல்கிறேன்.

அந்தோணியம்மாள்